மூக்கில் கட்டிய எலுமிச்சம்பழம்

அன்பு மகளே,

நீ யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிப் போய் ஐந்து வாரமாகிறது. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, அங்கே மழையா, அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டு முடிவதற்குள் யாராவது ஒருவர் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடிவிடுகிறோம். இந்த விஷயத்தைப் போனில் தொடங்கினால் நீ பாதியிலேயே குறுக்கிட்டு, சிரித்து, பேச்சை மாற்றிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முப்பத்தொரு வருடம் தேயிலை ஃபெக்டரியில் நான் எழுதியதெல்லாம் எந்த மெஷினில் எந்த பெயாரிங்கை மாற்றினேன் என்ற குறிப்புகள்தான். ஆகையால் இது கொஞ்சம் இழுக்கும். ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்.

போன கிழமை மருமகன் எனக்குத் தனியாகப் போன் எடுத்தார். உனக்கு ஸ்கூட்டர் பழக்கலாம் என்று கூப்பிட்டால் நீ கிட்டவே வர மாட்டேன் என்கிறாயாம். ஏன் என்று கேட்டதற்கு, கையில் எதைக் கொடுத்தாலும் விழுத்திவிடுவேன், அப்பாவின் விமானத்தையே உடைத்தவள் நான் என்றாயாம். "பகிடிக்குத்தான் சொல்லுறா எண்டு நினைச்சன் மாமா. ஆனா திரும்பத் திரும்ப அதையே சொல்லுறா. உண்மையா அவவே உடைச்சவ?" என்று கேட்டார். நான் ஏதோ மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். குண்டசாலை வயலில் அந்த விமானத்தை விழுத்தியது நீ இல்லை, நான். அது எனக்கு அன்று மத்தியானமே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் உன் கல்யாணத்தையும் நடத்தி, உன்னைப் பஸ்ஸும் ஏற்றி அனுப்பிவிட்டேன். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன் என்று சொன்னால் நீ தாளைப் புரட்டிக் கடைசிக்குப் போவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. போகாதே. வரிசையாகப் படி. பெட்டியிலிருந்து தொடங்கினால்தான் என் பிழையின் முழு நீளமும் உனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டி, உன் சித்தப்பா லண்டனிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. நீ சாதாரண தரப் பரீட்சை எழுதி ரிசல்ட் வந்திருந்த நேரம். எல்லோருக்கும் சொக்லட்டும் சவர்க்காரமும், உனக்கு மட்டும் இந்த நீளப் பெட்டி. ரிமோட்டில் பறக்கும் விமானம், ஆனால் துண்டு துண்டாக. நாமேதான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். நீ மூடியைத் திறந்து, பல்சா மரத்தில் வெட்டிய ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, இதில் கனமே இல்லையே என்று சிரித்தாய். அந்த வாரம்தான் வீட்டில் பெரிய வாக்குவாதமும் நடந்தது. உனக்குக் கணிதப் பிரிவு வேண்டும், எனக்கு நீ டாக்டராக வேண்டும். பன்வில தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுடைய மகள் பேராதனை ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நடப்பதை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் பார்த்து ரசித்திருந்தேன். உன் கணக்குப் புள்ளிகளை ஒரு தரமாவது உற்றுப் பார்த்தேனா என்றால், இல்லை. உன்னை உயிரியல் பிரிவில் சேர்த்தேன். பெட்டியை உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பிரிக்கலாம் என்று அலுமாரிக்கு மேலே ஏற்றினேன்.

நம்மவர்களின் வீடுகளில் எல்லாமே பரீட்சைக்குப் பிறகுதான். பாட்டு வகுப்பு, கடற்கரைப் பயணம், கதைப் புத்தகம், பெரியம்மா வீட்டுக் காதுகுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதை மட்டும்தான் பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடுவதில்லை. ஒரு பரீட்சை முடியும் முன்பே அடுத்த பரீட்சை வாசலில் வந்து நிற்கும். நீ முதல் வருடம் இரண்டு தரம் பெட்டியைக் கேட்டாய். அடுத்த வருடம் ஒரு தரம். பிறகு கேட்கவே இல்லை. பிள்ளை கேட்பதை நிறுத்தியதைப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி உனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. நீ குசினி வாசலில் நின்று, "நான் உங்கள ஏமாத்திட்டேன்ப்பா" என்றாய். நான் உன் தலையைத் தடவி, "பரவாயில்லம்மா" என்றேன். மிகவும் பெருந்தன்மையோடு சொன்னதாகத்தான் நினைப்பு. அந்தப் பாடத்தை உன் தலையில் கட்டியவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு நீயே தேடி, நீயே படித்து, கட்டடங்களுக்கு அளவெடுத்துக் கணக்குப் போடும் வேலைக்குப் போனாய். கடைசியில் கணக்குதான் உனக்குச் சோறு போட்டது. நான் அதையும் என் மகளின் கெட்டித்தனம் என்று பெருமை பேசினேன். பெருமை பேசுவதில் உன் அப்பாவை யாரும் மிஞ்ச முடியாது.

கல்யாணம் நிச்சயமாகி, கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலுமாரிகளை நகர்த்தியபோதுதான் பெட்டி கீழே இறங்கியது. பன்னிரண்டு வருடத் தூசி. கரப்பான்கள் விளக்கப் புத்தகத்தின் ஒரு மூலையைத் தின்றிருந்தன. நீ அதைத் துடைத்துவிட்டு, "யாருக்காவது குடுத்துருவோமாப்பா?" என்று மிகச் சாதாரணமாகக் கேட்டாய். அந்தச் சாதாரணம்தான் என்னைக் குத்தியது. கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நாமே செய்து பார்ப்போமா என்று நான் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இவருக்குக் காய்ச்சலா என்பது போல இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நீதான் முதலில் மேசையைத் துடைத்துப் பழைய பேப்பர் விரித்தாய்.

அந்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது. கல்யாண வேலைகள் தலைக்கு மேல் கிடந்தன. அழைப்பிதழ் கொடுக்கப் போகவேண்டிய வீடுகள் வரிசையாக நின்றன. நாம் இருவரும் குசினி மேசையில் விமானம் ஒட்டிக்கொண்டிருந்தோம். உனக்கு எல்லாம் அளவு, எனக்கு எல்லாம் கண். இறக்கையின் விலாக்களை நான் பார்வையிலேயே நேர் பார்த்து ஒட்டப் போனால், நீ அடிமட்டத்தை வைத்து இரண்டு மில்லிமீட்டர் கோணல் என்று பிடுங்கிவிடுவாய். ஒவ்வொரு மூட்டிலும் நான் பசையைக் குழைத்து அப்பினேன். டன் கணக்கில் எடையுள்ள ரோலர்களைத் திருத்தியவனுக்கு எதைக் கண்டாலும் பலப்படுத்தத்தான் கை போகும். "அப்பா, இது தேயில காய வைக்கிற ட்றையர் இல்ல, பறக்கணும்" என்று சொல்லிவிட்டு, நீ ஒரு பிளேடை எடுத்து உட்கார்ந்து மிச்சப் பசையையெல்லாம் சுரண்டி எடுத்தாய். என் வேலையை எந்தத் துரையும் அப்படிச் சுரண்டிப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சுரண்டி முடித்ததும் நீ அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாய். பதினாறு வயதில் சிரித்த அதே சிரிப்பு.

இறக்கைக்கு மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டித்தான் இழுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நாம் இருவரும் முதல் தாளைக் கருக்கிவிட்டு முழித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து அயன் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். பட்டுச் சேலைக்குப் போடும் சூட்டில், ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து முடித்தாள். நீலமும் மஞ்சளுமாக இறக்கை பளபளத்தது. முடித்துவிட்டு, கல்யாணப் பொண்ணு கை முழுக்கப் பசை, நலங்கு அன்றைக்கு என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே உன் விரல்களைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள்.

பழைய மோட்டாரும் பற்றரியும் செத்துப்போயிருந்ததால் அக்குறணைக்குப் போனோம். எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற அந்த மனிதரின் கடையில் வெளியே போன் திருத்துவார்கள், பின்னறையில் அவர் சொந்தமாகச் செய்த விமானங்கள் கூரையிலிருந்து தொங்கும். பற்றரி, மோட்டார், ரிமோட் எல்லாம் தந்து, கடையிலிருந்த கொம்பியூட்டரில் பறக்கவிடவும் உன்னைப் பழக்கினார். நாலு சனிக்கிழமை போய்ப் பழகினாய். மூன்றாம் நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளுடைய கை நல்ல நிதானமான கை என்றார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும் என்று. இப்போது சொல்கிறேன். கிளம்பும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். "வால் மட்டும் பாரமாகிடக் கூடாது அண்ணன். அப்படி ஈந்தா யாருட சொல்லும் கேக்காது." முதல் தடவை பறக்கவிடும்போது தானும் வருவதாகச் சொன்னார். அடுத்த கிழமை வரை பொறுங்கள் என்றார்.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஆயுத பூஜை அன்று குசினி மேசையிலேயே படம் வைத்தோம், நினைவிருக்கிறதா? என் ஸ்பானர்கள், உன் அளவு நாடா, லப்டொப், அம்மாவின் தையல் மெஷின், நடுவில் நம் விமானம். ஃபெக்டரியில் பூஜைக்கு ரோலர், ட்றையர், லொறி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் கட்டுவோம். அந்தப் பழக்கத்தில், மார்க்கட்டில் அம்மா பொறுக்கியெடுத்த பெரிய பழம் ஒன்றை மூன்று மிளகாயோடு செப்புக் கம்பியில் கோத்து, விமானத்தின் மூக்கில், விசிறிக்குப் பின்னால், நான்தான் இறுக்கிக் கட்டினேன். உன் மாமியார் வீட்டில் அதைத் தேசிக்காய் என்பார்கள், இதற்குள் நீயும் அப்படித்தான் சொல்லப் பழகியிருப்பாய். கட்டிய பழத்தை முதல் ஓட்டம் வரை அவிழ்க்கக் கூடாது. முதல் ஓட்டத்தன்று அதைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்க வேண்டும். எங்கள் முறை அதுதான்.

மறுநாள் மாலை நீ பாரம் பார்த்தாய். இறக்கைக்கு அடியில் புத்தகம் குறித்த இரண்டு இடங்களில் விரல் நுனிகளை வைத்துத் தூக்கினால், விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். நின்றது. நீர்மட்டம் வைத்துப் பார்த்தது போல நின்றது. பெரும்பாலும் மூக்கில் கொஞ்சம் ஈயம் சேர்க்க வேண்டிவரும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதே, நமக்கு ஒன்றும் தேவைப்படவில்லையே என்று நீ சந்தேகமாகத்தான் கேட்டாய். "ஃபிட்டர் கை வச்சா அப்புடித்தாம்மா" என்றேன் நான். அந்த ஒரு நிமிடம் நீ இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பாய். என் வாய்தான் உன்னை யோசிக்க விடவில்லை. எலுமிச்சம்பழம் நம் இரண்டு பேரின் கண்ணுக்கும் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பூஜைச் சாமானை எடை என்று யார் நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை குண்டசாலைக்குப் போனோம். வயல் அறுத்து முடிந்து காய்ந்து கிடந்தது. வயல்காரர் வரம்பில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தார். நானாவுக்காகக் காத்திருக்கலாம் என்று நீ சொன்னாய். கல்யாணத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது, இனி எப்போது என்று அவசரப்படுத்தியவன் நான். பன்னிரண்டு வருடம் பொறுத்தவனுக்கு ஏழு நாள் பொறுக்க முடியவில்லை. பிறகு முறை தவறாமல் மூக்கிலிருந்த பழத்தை அவிழ்த்துச் சக்கரத்தடியில் வைத்தேன். உள்ளங்கையளவு சக்கரம், பழத்தின் மேல் ஏறாமல் வழுக்கி ஓடியது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சப்பாத்துக் காலால் அதை ஒரே மிதியாக மிதித்து நசுக்கி, இப்போது எல்லாம் சரி, விடு என்றேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். எழும்பிய வேகத்திலேயே மூக்கு வானத்தைப் பார்த்தது. நீ பதறவில்லை, நான் பக்கத்தில் நின்று உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கீழே இறக்கத்தான் பார்த்தாய், அது கேட்கவில்லை. ஒரு நொடி அந்தரத்தில் அப்படியே நின்று, ஒரு பக்கம் சரிந்து, வரம்பில் போய்க் குத்தியது. நீலமும் மஞ்சளும் இரண்டாகக் கிடந்தன. நீ ரிமோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "பயத்துல கூடுதலா இழுத்துட்டேன் போலப்பா. நான்தான் விழுத்திட்டேன்" என்றாய். நான் உன் தோளைத் தொட்டு, "பரவாயில்லம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து நீ குளிக்கப் போனதும், நான் பின்பக்கத்துக் குழாயடியில் சப்பாத்தைக் கழுவினேன். அடியில் எலுமிச்சம் விதையும் தோலும் அப்பியிருந்தன. குச்சியால் சுரண்டும்போது வாசனை மூக்கில் ஏறியது. அப்போதுதான் விளங்கியது. நீ பாரம் பார்த்தது பழத்தோடு, பறக்கவிட்டது பழம் இல்லாமல். மூக்கின் எடையை நானே அவிழ்த்து, நானே மிதித்து, வால் பாரமான விமானத்தை உன் கையில் கொடுத்திருக்கிறேன். நானாவே அந்த இடத்தில் நின்று ஓட்டியிருந்தாலும் அது விழுந்திருக்கும். எனக்குக் குழாயை மூடவும் தோன்றவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதே கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஈரக் காலோடு உள்ளே வந்தபோது பதுளையிலிருந்து மாமாக்கள் வந்திறங்கினார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சேலை எடுக்கப் போனோம். அடுத்த நாள் ஐயர் வந்தார். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். பார்த்தாயா, பழைய பாட்டை மறுபடியும் பாடத் தொடங்கிவிட்டேன். இதெல்லாம் சாட்டு. உண்மையான காரணம் வெட்கம்தான் மகளே. முப்பத்தொரு வருட ஃபிட்டர், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாண வீட்டில் நீ மாப்பிள்ளையின் அக்காமாரிடம், அப்பாவும் நானும் ஒரு விமானம் செய்தோம், நான் அதை ஒரே நிமிடத்தில் உடைத்தேன் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில்தான் பந்தி பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. பஸ் ஏறும்போது நீ என் கையைப் பிடித்து, "அத ஒட்டி வைங்கப்பா. ஆனா நான் இனிமே தொட மாட்டேன்" என்றாய். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். கண்டக்டர் மணியடித்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ போன மறுநாளே உடைந்த துண்டுகளை மேசையில் பரப்பினேன். இந்த முறை பசையை அளவோடு வைத்தேன், பக்கத்தில் உன் அடிமட்டம் இருந்தது. அம்மா மிச்சமிருந்த நீலத் தாளை இழுத்து ஒட்டினாள். போன கிழமை வேலை முடிந்தது. மருமகன் பேசிய மறுநாள், அம்மாவைக் கூப்பிட்டு எதிரே கதிரையில் உட்கார வைத்து, விமானத்தை விரல் நுனியில் தூக்கினேன். வால் மெதுவாகக் கீழே இறங்கியது. குசினியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து மூக்கில் கட்டித் தூக்கினேன். நேராக நின்றது. அம்மா எழுந்து வந்து பழத்தைத் தொட்டுப் பார்த்தாள். வயலில் பழத்தை நசுக்கியது அவளுக்கும் தெரியுமே. "இத எனக்கு ஏன் காட்டுறீங்க? அவகிட்ட சொல்லுங்க" என்றாள். முதலில் பறக்கவிட்டுப் பார்த்து, உறுதியான பிறகு சொல்கிறேன் என்றேன். "இதுக்கும் ஒரு பரீட்ச வச்சிட்டீங்களா?" என்றாள். உன் அம்மா அதிகம் பேச மாட்டாள், பேசினால் இப்படித்தான்.

இருந்தாலும் அந்த ஒரு பரீட்சையை மட்டும் நான் வைத்தேன், நீ மன்னிக்க வேண்டும். அது உனக்கில்லை, எனக்கு. அம்மாவின் குசினித் தராசில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழத்தை வைத்து, மறுபக்கம் என் பழைய பெட்டியிலிருந்த பித்தளை நட்டுகளை வைத்துச் சமன் பார்த்தேன். இரண்டு பெரிய நட்டும் ஒரு சின்ன நட்டும். ரோலரில் இருந்து கழற்றியவை. அவற்றை மூக்குக்குள் ஒட்டினேன். நேற்றுக் காலை அக்குறணைப் பக்கத்து மைதானத்துக்கு நானாவோடு போனேன். அவர் ரிமோட்டை வாங்கிக் குமிழ்களைத் திருகப் போனார். தொட வேண்டாம் என்று தடுத்தேன். வாலில் அசையும் மடல்களை நீ இரண்டு நாள் மாலை அடிமட்டம் வைத்து நேராக்கினாயே, அந்தக் கம்பிகளில் ஒரு திருகுகூட நான் மாற்றவில்லை. வால் உடையாமல் இருந்தது. ரிமோட்டிலும் எல்லாம் நீ விட்ட இடத்திலேயே இருந்தன. அப்படியே விடச் சொன்னேன்.

எழும்பியது மகளே. மெதுவாக, நேராக, யாரோ கைபிடித்துக் கூட்டிப்போவது போல எழும்பியது. பள்ளிவாசல் பக்கம் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பியது. வெயிலில் மஞ்சள் இறக்கை மின்னியது. ஒரு இடத்தில் நானா ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு எனக்குக் காட்டினார், அது தானாக நேராகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெயில் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இறக்கிய பிறகு அவர் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒண்டும் திருத்தத் தேவல்லயே. யாரு இத செட் பண்ணின?" என்று கேட்டார். என் மகள் என்றேன். அன்றைக்கு ஏன் விழுந்தது என்று அடுத்ததாகக் கேட்டார். ஒளிக்காமல் முழுவதையும் சொன்னேன். அவர் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு நாளில் அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கூசாத சிரிப்பு.

புதிதாகக் குடும்பம் தொடங்கியிருக்கிறவளுக்கு அப்பா புத்திமதி சொல்ல வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்கள் வீட்டில் எதையும் பரீட்சைக்குப் பிறகு என்று அலுமாரிக்கு மேல் ஏற்றாதீர்கள், நாளைக்குப் பிள்ளைகள் வந்தாலும் சரி. பிழை செய்தால் ஈரக் காலோடு போய் அன்றே சொல்லிவிடு. வெட்கம் ஒரு நாளைக்குத்தான், சொல்லாமல் வைத்தால் அது சோற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மருமகன் நல்லவர், நிதானமானவர், அவரிடம் ஸ்கூட்டர் பழகு. உன் கையில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கை வைத்ததை வைத்தபடியே விட்டால் போதும், விமானம் தானாகப் போகிறது. நான் அதைக் கண்ணால் பார்த்தவன்.

தலைப்பொங்கலுக்கு நானும் அம்மாவும் சீரோடு வருகிறோம். பானை, அரிசி, சர்க்கரை, கரும்பு, உனக்கும் அவருக்கும் துணி. கூடவே அந்த நீளப் பெட்டியும் வரும். உங்கள் பக்கம் மலையும் இல்லை, மரமும் அவ்வளவாக இல்லை, பறக்கவிட அதைவிட நல்ல இடம் கிடையாது. பறக்கவிடப் போவது நீதான். நான் எட்ட நின்று பார்ப்பேன், எலுமிச்சம்பழத்தைக் கையால்கூடத் தொட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் நீ எனக்குப் போன் எடுப்பாய். எடுத்ததும் என்ன சொல்ல வாய் வரும் என்றும் எனக்குத் தெரியும். "பரவாயில்லப்பா" என்பாய். அதைச் சொல்லாதே. நீ செய்யாத பிழைக்கு நான் இரண்டு தரம் உன்னை மன்னித்தேன், இரண்டு தரமும் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். நம் இருவருக்கும் இடையில் அது இனி வேண்டாம். "ஆமாப்பா, ஒங்க பிழைதான்" என்று சொல். குரலை உயர்த்தியே சொல். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறேன், அம்மாவும் கேட்கட்டும்.

அன்புடன்,
அப்பா